மேலே மஞ்சள், கீழே வெள்ளை

சுரண்டி எடுத்த மரத்தில் மறுபடியும் குறி இருந்தது.

ரோஸ்விதா அதைத் தாண்டி நாலடி போய்விட்டாள். பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து பார்த்தாள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கும் தடித்த பீச் மரம் அது. இடது கைப் பாதை மலையிடுக்குக்குள் இறங்கி, ஓடையை ஒட்டியே போய், ஏர்லன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாட்டின் காலடியில் ஏறும். பாறை சரிகிறது என்று போன அக்டோபரில் மலைநடைச் சங்கம் அந்தப் பாதையை மூடிவிட்டது. வலது பக்கம் முகட்டைச் சுற்றிப் புதுப் பாதை போட்டாயிற்று. மூடிய பாதையின் குறிகளை மரம் மரமாகச் சுரண்டி எடுத்தவர்கள் ரோஸ்விதாவும் அவள் தம்பி ஃபோல்கரும்தான். அதே மரத்தில், அதே உயரத்தில், பள்ளத்துக்குப் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி, மேலே மஞ்சள் கோடு, கீழே வெள்ளைக் கோடு. ஈரம் காயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி," என்றாள் வாய்விட்டே.

யார் வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஃபோல்கர் ஆறடி இரண்டங்குலம். அவன் போடும் குறியை அவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், இதையும் அப்படித்தான் பார்த்தாள். பாதையை மூடக்கூடாது என்று சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டினவனும் அவன்தான். நேற்று சாயங்காலம் போனில் அவன் விட்டிருந்த குரல் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்குப் பன்னண்டு மணிக்குக் கோட்டைல, நம்ம பெஞ்சு. ஒயினும் கிளாஸும் என் பொறுப்பு. ரொட்டி உன் பொறுப்பு. போன தடவை மாதிரி கஞ்சத்தனமா கொழுப்பு தடவிட்டு வராதே, சொல்லிட்டேன். அப்புறம், பள்ளத்துக்குள்ள நாத்தம் தாங்கலைன்னு குன்ட்ஸ் கெழவன் புலம்பறான். மான் ஏதாவது செத்துக் கிடக்கும். இன்னும் வெளிச்சம் இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

மானாம்! பெயிண்ட் டப்பாவோடு போய், மூடிய பாதையைத் தானே திறந்து வைத்துவிட்டு, மான் கதை சொல்கிறான். காலையில் மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அதொன்றும் புதிதில்லை, போனைக் காரிலேயே போட்டுவிட்டு மலை ஏறுகிறவன். அவன் முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து குறி போட்டுக்கொண்டு வருவான், இவள் இந்தப் பக்கமிருந்து. நடுவில் கோட்டையில் சந்திப்பார்கள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு மார்ச் மாதமும் இப்படித்தான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் பெண்டாட்டி பிரிந்து போய்விட்டாள். ரோஸ்விதாவுக்கு அவனை விட்டால் ஆளில்லை, அவனுக்கும் அப்படித்தான்.

அடுத்த வாரம் ஈஸ்டர். குடும்பம் குடும்பமாக வருவார்கள். குறியைக் கண்டால் யோசிக்காமல் கால் அந்தப் பக்கம் திரும்பும், குறி என்பதே அதற்குத்தான். தப்பான குறியைப் பார்த்துவிட்டுக் கடந்து போவது பாதைக்காரர்களிடம் இல்லாத பழக்கம். அவள் பையை இறக்கி, சுரண்டியை எடுத்தாள். சுரண்டியதைக் காட்டில் போடக்கூடாது என்று சட்டம், அதற்காக எப்போதும் ஒரு மூடி போட்ட தகர டப்பா வைத்திருப்பாள். டப்பாவை மரத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மஞ்சளில் சுரண்டியை வைத்தாள்.

பெயிண்ட் என்றால் செதில் செதிலாக உதிரும். இது சுருண்டு வந்தது.

ரோஸ்விதா கறிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் நின்றவள். குடலைக் கழுவியிருக்கிறாள், பன்றி இரைப்பைக்குள் கறியும் உருளைக்கிழங்கும் கைவிட்டு அடைத்திருக்கிறாள். அருவருப்பு என்பது அவளுக்குச் சுலபத்தில் வருகிற சமாசாரம் இல்லை. சுரண்டியின் முனையில் தொங்கியதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கொழுப்பு. டர்பன்டைன் வாசனையே இல்லை. விரல் சூடு பட்டதும் உருகி, முழங்கை வரை வழியப் பார்த்தது. குளிரில் பெயிண்ட் ஓடாது என்று எதையோ கலந்து தொலைத்திருக்கிறான். மோந்தாள். லேசான தித்திப்பும் கொஞ்சம் சிக்கும் கலந்த வாடை. பன்றி இல்லை. மாடு இல்லை, மாடு இத்தனை சீக்கிரம் உருகாது. வாத்தும் இல்லை. எந்தக் கொழுப்பையும் விரலில் தேய்த்தே சொல்லிவிடுவாள் என்று கடை முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். இது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கீழே வெள்ளைக் கோடு வேறு மாதிரி இருந்தது. அது வழுக்கவில்லை. ஒட்டியிருந்தது. ஓரத்தில் சுரண்டியை நுழைத்து நெம்பியபோது, காய்ச்சிய பால்மேல் படிகிற ஆடை மாதிரி ஒரே துண்டாக உரிந்து டப்பாவுக்குள் விழுந்தது.

"என்ன கண்றாவியைக் கலந்தானோ," என்று காறித் துப்பினாள்.

அடுத்த குறி தெரிந்தது. ஒரு குறியில் நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும், அதுதான் கணக்கு. அந்த மரத்தடியில் ஒரு மனிதனும் நாயும் நின்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் குன்ட்ஸ். அவருடைய குட்டைக்கால் நாய் லும்பி பின்னங்காலில் எழும்பி, சிவப்புக் கயிறு இறுகும்படி தாவித் தாவி, மரத்தில் வழிந்திருந்த மஞ்சளை நக்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா ரோஸ்விதா, உங்க சங்கத்துப் பெயிண்டு ருசியா இருக்கும்போல. வீட்டுல நான் வைக்கிற சோறு இறங்க மாட்டேங்குது இதுக்கு," என்றார்.

"இழுத்துப் புடிங்க அதை. வயிறு கெட்டுடப் போகுது."

"இழுக்கத்தானே செய்யறேன். எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்போல இருக்கு."

நாய் நிறுத்தியது. ஆனால் அடங்கவில்லை. பல்லைக் காட்டாமல், குரைக்காமல், நாக்கால் தன் மூக்கையும் மீசையையும் திரும்பத் திரும்ப வழித்தது. வயிறு குலுங்கியது. மஞ்சளாக ஒரு வாய் கக்கியது. கக்கியதை உடனே, ஒரு துளி விடாமல், மறுபடி நக்கித் தின்றது. ரோஸ்விதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குன்ட்ஸ் கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நேத்து ஃபோல்கரைப் பாத்தீங்களா?"

"சாயங்காலம் பாத்தேன். நாத்தம் எங்கேயிருந்து வருதுன்னு கேட்டான். அந்தப் பள்ளத்துலதான்னு கை காட்டினேன். இறங்கிப் போனான்."

"கைல பெயிண்ட் டப்பா இருந்துச்சா?"

குன்ட்ஸ் யோசித்தார். "இல்லையேம்மா. வெறுங்கையாத்தான் போனான். கோட்டுப் பையில உங்க ஒயின் கிளாஸ் மட்டும் துருத்திக்கிட்டு இருந்துச்சு."

அவர் நாயை இழுத்துக்கொண்டு புதுப் பாதையில் கோட்டையைப் பார்க்கக் கிளம்பினார். நாய் போகிற வழியெல்லாம் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. ரோஸ்விதா அந்த மரத்தில் நாய் விட்டுவைத்த கொஞ்சநஞ்சத்தைச் சுரண்டினாள். நாய் எச்சிலும் கொழுப்புமாகக் கை முழுக்கப் பிசுபிசுத்தது. கால்சட்டையில் துடைத்தாள். போகவில்லை. வெறுங்கையாகப் போனவன் எதை வைத்துக் குறி போட்டான் என்ற கேள்வி வந்தது. கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள்.

மலையிடுக்கில் மூடுபனி இன்னும் கலையவில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு மணற்கல் பாறை செங்குத்தாக நின்று, பாசி பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. ஓடை கல்லுக்கடியில் புகுந்து எங்கோ ஆழத்தில் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் ஓடியது. அழுகிய இலை, நனைந்த காளான், நரிமூத்திரம் எல்லாம் அவளுக்குப் பழகிய வாசனைகள்தான். அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. அணைத்த அடுப்பில் ஆறிப்போன வாணலியின் வாடை. ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் கூடியது. வாயைத் திறந்து மூச்சு விட்டால் நாக்கில் படிந்தது.

மூன்றாவது குறி. நான்காவது. ஐந்தாவது. சுரண்டினாள், டப்பாவில் தள்ளினாள், நடந்தாள். ஆறாவதில்தான் கவனித்தாள். அதைச் சுரண்ட அவள் கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மூக்குக்கு நேராக இருந்தது.

ஏழாவது அவள் மோவாய்க்கு நேராக.

ஃபோல்கர் விளையாடுகிறான் என்று நினைத்தாள். குட்டைச்சி உனக்கு எட்டட்டும் என்று போட்டிருப்பான், வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலா அவனுக்கு. கோட்டையில் வைத்துக் காதைத் திருகுகிறேன் என்று கறுவிக்கொண்டாள். ஆனால் நடை வேகமாகிவிட்டது.

அக்டோபரில் இதே மரங்களைச் சுரண்டியபோது நடந்தது இப்போது ஞாபகம் வந்தது. பழைய குறியின்மேல் சாம்பல் பெயிண்ட் அடித்து மறைத்தாலே போதும், சங்கத்தின் விதி அவ்வளவுதான். ஃபோல்கர் அதைத்தான் சொன்னான். அவள் கேட்கவில்லை. அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது. மரப்பட்டை தெரிய எடுத்தால்தான் எடுத்த மாதிரி என்று நின்றாள். சுரண்டச் சுரண்ட, அப்பா காலத்துப் பெயிண்டுக்கும் அடியில், ஒவ்வொரு மரத்திலும் இன்னொரு குறி வந்தது. கறுத்து, இறுகி, மெழுகு மாதிரி ஒரு பழைய மஞ்சள்.

"இது யாரு போட்டதுக்கா? அப்பாவுக்கும் முந்தினதா இருக்கே," என்று கேட்டான் ஃபோல்கர்.

"யாரு போட்டா என்னடா. எடு."

"பாவம், யாரோ இந்தக் குறியை நம்பி வந்துட்டுப் போயிட்டு இருப்பாங்க. அவங்க இனிமே வழி தெரியாம முழிக்கப் போறாங்க," என்று சிரித்தான்.

ஒன்று விடாமல் எடுத்தார்கள். எடுத்ததை, அன்றைக்கு டப்பா நிறைந்துவிட்டதால், ஓடையில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு அவள் கைக்கடிகாரம் கூவியது. அவளுக்குச் சர்க்கரை உண்டு, பதினோரு மணிக்கு எதையாவது தின்றாக வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கித் தலை சுற்றிவிடும். ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கையை ஓடையில் கழுவினாள். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியதே தவிர, கை கழுவப்படவில்லை. பாசியில் தேய்த்தாள், மண்ணில் தேய்த்தாள். நகத்துக்கடியில் மஞ்சள் அப்படியே நின்றது. தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது, யோசிக்க நேரமில்லை. பன்றிக்கொழுப்பும் பொரித்த வெங்காயமும் தடவிய ரொட்டியைத் தாளிலிருந்து பிரித்து அவசர அவசரமாக நாலு கடி கடித்தாள்.

கொழுப்பு தூக்கலாக இருந்தது. காலையில் தான் தடவியதைவிட அதிகம். மேலண்ணத்தில் தடிமனாக அப்பிக்கொண்டது. நாக்கால் வழித்து வழித்து விழுங்கினாள். தித்தித்தது. விழுங்கி முடித்த பிறகுதான் ரொட்டியின் ஓரத்தில் தன் விரல் அழுந்திய தடங்களைப் பார்த்தாள். நாலு விரல், ஒரு கட்டைவிரல், மஞ்சளாக. மிச்சத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் திணித்துவிட்டு எழுந்தாள்.

எட்டாவது குறி இடுப்புயரத்தில். ஒன்பதாவதும் அப்படியே.

ஒன்பதாவதில் மயிர் இருந்தது. குட்டையான, செம்பட்டையும் நரையும் கலந்த மயிர், மஞ்சளுக்குள் படுத்துக்கிடந்தது. காட்டுப்பன்றி வந்து உரசியிருக்கும். காட்டுப்பன்றி மயிர் கறுப்பாக, விறைப்பாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பன்றி என்றே சொல்லிக்கொண்டாள். சுரண்டி வழுக்கி, அந்த மஞ்சளை அவள் கையிலேயே வழித்துவிட்டது.

பனிக்குள் முன்னால் எங்கோ ஒரு சத்தம். உலர்ந்த சத்தம் இல்லை. ஈரமான எதையோ கல்லில் வைத்துத் தேய்க்கிற சத்தம். நீளமாக ஒரு தேய்ப்பு. நிறுத்தம். மறுபடி நீளமாக ஒரு தேய்ப்பு.

"ஃபோல்கர்?"

சத்தம் நின்றது. பாறையில் சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது.

"டேய், ஃபோல்கர்! விளையாடாதேடா!"

திரும்பிப் போய்விடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் அவன் கால் ஒடிந்து எங்காவது கிடந்தால்? ராத்திரி முழுக்க இந்தக் குளிரில் கிடந்திருந்தால்? அவள் முன்னால் நடந்தாள்.

பத்தாவது குறி முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து, மண்டியிட்டு, சுரண்டியை வெள்ளையில் வைத்தாள். வைத்த கை நின்றுவிட்டது.

வெள்ளையில் நீலம் இருந்தது. மங்கிப்போன நீலம். பிளவுபட்ட ஒரு வால்.

ஃபோல்கருக்குப் பத்தொன்பது வயதில், பட்டாளத்தில் இருந்தபோது குத்திக்கொண்டது. வலது முழங்கைக்குக் கீழே ஒரு தகைவிலான் குருவி. குத்தியவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது, வாலின் ஒரு பிளவு நீளம், ஒன்று குட்டை. கோழி மாதிரி இருக்கிறது என்று அவள் முப்பது வருஷமாகக் கேலி செய்கிற குருவி.

மரத்தில் ஒரு பிளவு நீளமாக இருந்தது. ஒன்று குட்டை.

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தாள். ஈரம் கால்சட்டையைத் தாண்டி முட்டிக்கு வந்தது. ஆறடி இரண்டங்குலம். பிறகு மூக்குயரம். பிறகு மோவாய். பிறகு இடுப்பு. குறி போட்டவன் குனியவில்லை. அவன் குறைந்துகொண்டே வந்திருக்கிறான். அவனை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தேய்ந்திருக்கிறான். ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம், ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம்.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற தித்திப்பு ஞாபகத்துக்கு வந்துவிடும். வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணீர் தன்னால் ஊற்றியது.

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். சுரண்டியைக் கீழே வைத்தாள். வெள்ளையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல், மெல்ல மெல்ல உரித்து எடுத்தாள். டப்பாவுக்குள் மடிக்காமல் வைத்தாள். மஞ்சளை உள்ளங்கையால் வழித்து எடுத்தாள். மரப்பட்டையின் வெடிப்பில் நின்றதைக்கூட விடவில்லை, விரலால் தோண்டினாள். தம்பியை மரத்தில் விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது.

பதினொன்று. குருவியின் இறக்கை.

பன்னிரண்டு. மார்பு.

பதின்மூன்று தரையோடு தரையாக ஒரு வேரில். ஒரு பல் பதிந்திருந்தது. அதையும் எடுத்தாள்.

டப்பா மூடவில்லை. அழுத்தினாள். மூடியின் ஓரத்தில் மஞ்சள் பிதுங்கியது. சூடாக இருந்தது. அவள் கைச்சூடு இல்லை. டப்பாவே உள்ளிருந்து சூடாக இருந்தது.

பள்ளம் முடிந்தது. பாறை. பாறைமேல் கோட்டைச் சுவர், பனிக்குள் பாதிதான் தெரிந்தது. சுவரின் அடியில், அவள் மார்பளவில், சதுரமாக ஒரு துவாரம். கோட்டைக்காரர்களின் கக்கூஸ். மேலேயிருந்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் போனதெல்லாம் இந்த வழியாகத்தான் பள்ளத்துக்குள் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் இங்கேதான் சிரித்து உருளுவார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். ஃபோல்கர் எட்டு வயதில் பந்தயம் கட்டி உள்ளே போயிருக்கிறான். அவள் வெளியே நின்று நூறு வரை எண்ணினாள். கறுத்துப்போய் வெளியே வந்தவனை, அம்மா அடிக்காமல் இருக்க, ஓடையில் வைத்துக் கழுவிவிட்டாள்.

துவாரத்தின் விளிம்பில் கடைசிக் குறி. உள்ளங்கையளவு. அதையும் எடுத்தாள்.

துவாரத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. நாய்க்கயிறு. அதன் மறுமுனை உள்ளே இருட்டுக்குள் போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறுகியது. தளர்ந்தது.

உள்ளே கண்ணாடி கல்லில் மோதுகிற சத்தம். டிங்.

"அக்கா."

அவன் குரல். சளி கட்டிய மாதிரி, ஆனால் அவனேதான். ரோஸ்விதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபோல்கர்... தங்கமே... உயிரோட இருக்கியாடா?"

"பன்னண்டு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுடா. வெளியே வா. என்னடா ஆச்சு உனக்கு?"

"அவங்களுக்கு வழி தெரியலைக்கா. நம்மதான் குறியை எடுத்துட்டோம். அதான் என்னை வெச்சுப் போட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "எல்லாத்தையும் சுரண்டிட்டியா?"

"சுரண்டிட்டேன்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"நீதான் அரைகுறை வேலை பாக்கமாட்டியே." சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவனுடையதுதான். "கொண்டா அக்கா."

நம்பக்கூடாது என்று தெரிந்தது. ஆனால் டப்பாவில் இருப்பது தம்பி, கேட்பது தம்பியின் குரல். சேர்த்து வைத்தால் அவன் எழுந்து வந்துவிடுவான் என்று, வெட்கமில்லாமல், ஒரு குழந்தையைப்போல அவள் நம்பினாள். டப்பாவைத் துவாரத்துக்குள் நீட்டி வைத்தாள். ஏதோ அதை இழுத்துக்கொண்டது. தகரம் கல்லில் உரசிக்கொண்டு உள்ளே போனது.

பிறகு அந்தச் சத்தம். கடையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்டுப் பழகிய சத்தம். பன்றி இரைப்பைக்குள் கறியைக் கைவிட்டு அடைக்கிற சத்தம். சளக். அமுக்கு. சளக். அமுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டது. நின்றது.

"குறையுதுக்கா."

"நாய்..." அவளுக்கு நாக்குக் குழறியது. "குன்ட்ஸோட நாய் ஒண்ணை நக்கிடுச்சுடா. நான் என்ன பண்ணுவேன்?"

"அது வந்துடுச்சு. அதுகிட்ட இருந்ததை வாங்கியாச்சு." கயிறு ஒரு தடவை ஆடியது. "குன்ட்ஸும் வந்தார். கைக்குட்டைல கொஞ்சம் வெச்சிருந்தார்."

ரோஸ்விதா பின்னால் ஓரடி வைத்தாள்.

"இன்னும் குறையுது."

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. கையில் கிளாஸ். அரை லிட்டர் கிளாஸ், பிடி வழுக்காமலிருக்கச் சுற்றிலும் குழி குழியாக இருப்பது. பதினெட்டு வருஷமாகக் கோட்டைப் பெஞ்சில் அவர்கள் இருவருக்கும் அந்த ஒரே கிளாஸ்தான். அவன் ஒரு வாய், அவள் ஒரு வாய். விளிம்பைத் துடைக்கக்கூடாது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது, மேசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் நீட்ட வேண்டும், இந்த மலையில் அதுதான் மரியாதை. கிளாஸ் காலியாக இருந்தது. விளிம்பைச் சுற்றி மஞ்சள் உதட்டுத் தடங்கள். இரண்டு வாயில்லை. ஐந்தாறு வாய். ஒன்று ரொம்பப் பெரியது.

கையில் குருவி இருந்தது. துண்டு துண்டாக ஒட்டப்பட்ட குருவி. வால் சரியாக இருந்தது. ஒரு இறக்கை தலைகீழாக இருந்தது.

"இதுல துப்பிடு அக்கா."

அவள் துப்பினாள். கிளாஸை வாங்கி வைத்துக்கொண்டு துப்பினாள். தொண்டையைச் செருமிச் செருமித் துப்பினாள். விரலைத் தொண்டைக்குள் விட்டுக் குமட்டினாள். எச்சில் வந்தது. கொஞ்சம் வெங்காயம் வந்தது. மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது மட்டும் வரவில்லை. கிளாஸைத் திருப்பி நீட்டினாள். கை அதை வாங்கி உள்ளே கொண்டுபோயிற்று. யாரோ குடித்தார்கள். ஒருவர் மட்டுமில்லை. கிளாஸ் கைமாறிக் கைமாறிப் போவது கேட்டது.

"இல்லைக்கா." ஃபோல்கரின் குரலில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம். "உள்ள போயிடுச்சு."

கை மறுபடி வந்தது. கிளாஸைக் கல்மேல் உடையாமல் பத்திரமாக வைத்தது. வேலை தொடங்குமுன் ஃபோல்கர் எப்போதும் செய்வதுபோல, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

"வாயைத் திற அக்கா."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். விரல்கள் அவள் உதட்டைத் தொட்டன. வெதுவெதுப்பாக இருந்தன. உருகிக்கொண்டிருந்தன. இருட்டுக்குள்ளிருந்து முழங்கை வந்தது. முழங்கைக்குப் பிறகு தோள் வரவில்லை. கைதான் இன்னும் வந்துகொண்டே இருந்தது.